பாட்டு விக்கப் போற பேராண்டிக்கு நாலு புத்தி

ஏலே பேராண்டி, டோக்கியோவுல கம்ப்யூட்டர் தட்டிச் சம்பாதிக்கது போதாதுன்னு, அந்த ஊர்க் கூட்டாளி ஒருத்தனோட சேந்து பாட்டு வியாபாரத்துல எறங்கப் போறேன்னு சொன்னே. சந்தோசம். அப்பன் சேத்த துட்டை அழிக்க உனக்கும் ஒரு வழி வேணும்லா. ஆனா போன்ல நீ பொலம்புனதுதான் எனக்குப் பிடிபடலை. "தாத்தா, இங்க எளவட்டங்களுக்கு ரசனையே செத்துப்போச்சு, பழைய கலையெல்லாம் அழியுது"ன்னு ஒரு மூச்சு அழுதே. அடுத்த மூச்சுலயே "சிடி எம்புட்டு ஓடும்னு கணக்குப் போட்டிருக்கேன்"னே. ஒப்பாரியும் கல்லாப்பெட்டியும் ஒரே வாயில வந்தா ரெண்டுல ஒண்ணு பொய். எது பொய்னு பாத்துருவோம்.

தாத்தனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காதே. உன் தங்கச்சிக்காரி போனைக் கையில குடுத்த நாள்லேர்ந்து எனக்கு வேற சோலி இல்லை. வெத்தலையை மென்னுக்கிட்டே ஜப்பான்காரன் பாட்டுக்கடையை மூலை முடுக்கு விடாம அலசிட்டேன். நாலு புத்தி சொல்லுதேன். இப்பக் கேட்டா லாபம். கேக்காட்டி துட்டுப் போன பொறவு வா, அப்பவும் இதையேதான் சொல்லுவேன்.

முதல் புத்தி, வெலையைக் கொறைக்காதே. நீ நெனைச்சாலும் அங்க கடைக்காரன் கொறைக்க முடியாது. புத்தகம், பத்திரிகை, இசைத்தட்டு மூணுக்கும் கம்பெனிக்காரன் போட்ட வெலைக்குத்தான் விக்கணும்னு கட்டிவைக்க 1953-லேர்ந்து சட்டமே எடம் குடுக்கு. புதுத் தட்டு மூவாயிரம் யென்னுன்னா மூவாயிரம் யென்தான். நம்ம சந்தையில கத்திரிக்காய்க்கு ஒரு மணி நேரம் பேரம் பேசுவாளே உங்க ஆச்சி, அவளையே கூட்டிட்டுப் போனாலும் காலணா கொறையாது.

அப்ப இல்லாதபட்ட பிள்ளைக பாட்டுக் கேக்க வேண்டாமா? அதுக்கும் வழி பிறந்துச்சு. 1980-ல டோக்கியோ ஓரத்துல மித்தாக்காங்கற எடத்துல ஒரு கடையில தட்டை வாடகைக்கு விட ஆரம்பிச்சாங்க. பிள்ளைக சாயங்காலம் எடுத்துட்டுப் போகும், ராத்திரியோட ராத்திரியா கேசட்டுல பதியும், மறுநாள் நல்லபிள்ளையா திருப்பிக் குடுத்துரும். கம்பெனிக்காரனுக வயித்துல அடிச்சுக்கிட்டு கோர்ட்டுக்கு ஓடுனானுக. கடைசியில 1984-ல சட்டத்தைத் திருத்தி, வாடகைக்கு விட்டுக்கோ, எங்க பங்கை எண்ணி வச்சிருன்னு முடிச்சுக்கிட்டாங்க. களவைத் தடுக்க முடியலைன்னா அதுல பங்கு கேக்கணும். இதைப் படிச்சவன் பேருக்குப் பின்னால பட்டம் போட்டுச் சொல்லுவான், நான் வெத்தலையைத் துப்பிட்டுச் சொல்லுதேன்.

இப்பிடியே வளந்து 1998-ல உச்சிக்குப் போச்சு. அந்த ஒரு வருசம் மட்டும் சுமார் 60,000 கோடி யென்னுக்குத் தட்டும் நாடாவும் உற்பத்தி. எதனால? டிவி நாடகத்துல ஒரு பாட்டு வரும், விளம்பரத்துல ஒரு பாட்டு வரும், மறுநாள் ஆபீஸ்காரன் மொத்தமும் கராவோக்கே அறையில மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அதே பாட்டைக் கொலை பண்ணணும். கொலைக்கு ஒத்திகை வேணும்லா, அதுக்குத் தட்டு வேணும். அதுலயே பாடகன் குரலை எடுத்துட்டு வெறும் வாத்தியத்தை மட்டும் தனியாப் போட்டுக் குடுத்தானுக. கராவோக்கே எந்திரத்தை 1971-ல கோபே ஊர்ல செஞ்ச இனோவே டைசுகே, காப்புரிமை வாங்கி வைக்காம விட்டுட்டார். நீ அவர் மாதிரி நல்லவனா இருந்துராதே, நம்ம குடும்பத்துக்கு ஆகாது. அதே 1998-லதான் நம்ம ரஜினியோட 'முத்து' படம் டோக்கியோ ஷிபுயாவுல மாசக்கணக்குல ஓடுச்சு. ரெண்டுக்கும் சம்மந்தம் கிடையாது, ஆனா சொல்லாம இருக்க என் வாய் விடாது.

பொறவு எறக்கம்தான். உலகம் பூரா தட்டைத் தூக்கி எறிஞ்சுட்டு இணையத்துல பாட்டுக் கேக்க ஆரம்பிச்சிருச்சு. ஜப்பான்காரன் மட்டும் விடலை. 2023-ல மொத்தம் சுமார் 33,700 கோடி யென். அதுல மூணுல ரெண்டு பங்கு அப்பவும் கையில தொடுற தட்டுலதான். அமெரிக்காவுல டவர் ரெக்கார்ட்ஸ் கடை 2006-ல திவாலாகி மூடிட்டான். அதுக்கு முன்னாலயே பிரிஞ்சு தனிக்குடித்தனம் போன ஜப்பான் டவர், ஷிபுயாவுல ஒம்பது மாடியில இன்னும் ஜேஜேன்னு நடத்துதான். தாய்வீடு இடிஞ்சாலும் பிள்ளை பொழைச்சிக்கிட்டான். ஜப்பான்காரனுக்குப் பாட்டு மேல அம்புட்டு ஆசையோன்னு நீ வாயைப் பொளக்காதே. அதுக்குத்தான் ரெண்டாவது புத்தி.

ரெண்டாவது புத்தி, பாட்டை விக்காதே. ஏகேபி48-னு பொம்பளைப் பிள்ளைக கூட்டம் ஒண்ணு உண்டுலா, அகிமோத்தோ யசுஷிங்கற மகராசன் 2005-ல ஆரம்பிச்சது. அகிஹபாராவுல ஒரு கடைக்கட்டடத்து எட்டாவது மாடியில கொட்டகை. முதல் நாள் சீட்டு வாங்கி வந்த சனம் ஏழே பேரு. வேற ஒருத்தனா இருந்தா கடையைக் கட்டிட்டு ஊர் போய்ச் சேந்திருப்பான். இந்த ஆளு என்ன செஞ்சார் தெரியுமா? தட்டுக்குள்ள கைகுலுக்குற சீட்டை வச்சார். ஒரு தட்டு வாங்கினா உனக்குப் பிடிச்ச பிள்ளை கையை ரெண்டு மூணு விநாடி பிடிக்கலாம். பின்னால நிக்கவன் நகருன்னு தள்ளி விட்டுருவான். நாலு நிமிசம் பேசணுமா, அதுக்கு எத்தனை தட்டுன்னு நீயே வகுத்துப் பாத்துக்க, நீதான் கணக்குப் படிச்சவன்.

அதுவும் பத்தாதுன்னு 2009-லேர்ந்து 2018 வரைக்கும் தேர்தல் வச்சார். தட்டுக்குள்ள ஓட்டுச்சீட்டு. எந்தப் பிள்ளை முன்வரிசையில நின்னு பாடணும்னு ரசிகன் ஓட்டுப் போடணும். நம்ம ஊர்ல ஓட்டுக்குத் துட்டு குடுப்பாங்க, அங்க துட்டு குடுத்து ஓட்டுப் போட்டானுக. 2010-லேர்ந்து கல்லு, காகிதம், கத்திரி விளையாட்டு வச்சும் யாரு நடுவுல நிக்கணும்னு முடிவு பண்ணுனாங்க. குரல் எப்பிடின்னு கேக்க ஒரு நாதி உண்டா? 2017-ல ஃபுகுவோகா பக்கம் ஒரு மலையில 585 தட்டைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்தவன் மேல போலீஸ் கேஸ் போட்டுச்சு. சீட்டை உருவிட்டான், ஓட்டையும் போட்டான். மிச்சம் கெடக்கது வெறும் பாட்டு, அதை எங்கன வச்சுக்கிட?

இதைப் பாத்து நீ சிரிக்காதே. கல்யாண வீட்டுல ஐநூறு ரூவா மொய் எழுதுறவன் சாப்பாட்டுக்கா எழுதுதான்? எலையில விழுந்தது இருபது ரூவா சாம்பார்னு அவனுக்குத் தெரியாதா? நான் வந்தேன், என் பேரு நோட்டுல ஏறுச்சுங்கறதுக்குத்தான் எழுதுதான். அந்தத் தட்டும் மொய்தான். அதனால எம்புட்டு வித்துச்சுங்கற நம்பரைக் காட்டி ஊரு ரசனையை அளக்காதே. வித்த கணக்கு ஒண்ணு, கேட்ட கணக்கு ஒண்ணு. யோவாசோபின்னு ரெண்டு பேரு, 2020-ல தட்டே போடாம பில்போர்ட் ஜப்பான் வருசக் கணக்குல முதல் எடத்தைப் பிடிச்சாங்க. சனம் நெசமாவே கேட்டுச்சு. பிடிச்ச கையோட, அடுத்த சனவரியில தட்டும் போட்டுட்டாங்க. மொய் வசூலை விட அவுங்க என்ன கோட்டியா?

போற போக்குல இன்னொண்ணு, பாட வாறவன் கையெழுத்துப் போடுமுன்ன படிச்சுப் பாக்கச் சொல்லு. அந்த நாட்டுல இன்னை வரைக்கும் அதிகமா வித்த ஒத்தைப் பாட்டு 1975-ல வந்தது. மீன் வடிவத்துல சுடுற பலகாரம் ஒண்ணு, தினமும் இரும்புத் தட்டுல வேகப் பொறுக்காம கடைக்காரன்கிட்ட சண்டை போட்டுக் கடலுக்குள்ள ஓடிருது. அதான் பாட்டு. 45 லட்சத்துக்கு மேல வித்துச்சு. பாடுன ஷிமோன் மசாத்தோவுக்கு ஒப்பந்தப்படி மொத்தக் கூலி ஐம்பதாயிரம் யென். பலகாரமாவது ஓடிப் பாத்துச்சு, மனுசன் மாட்டிக்கிட்டார்.

மூணாவது புத்தி உன் ஒப்பாரிக்கு. பழசு கெட்டுப்போச்சுன்னு அழாதே, கெடுக்கிறவனுக்கு எலை போட்டு உபசாரம் பண்ணு. பழசு எதுன்னு கொஞ்சம் தோண்டிப் பாரு. கபுக்கி நாடகம்ங்கறாங்களே, பெரிய மனுசங்க பட்டுடுத்திப் போயி ஒக்காந்து பாக்காங்களே, அதை 1603 வாக்குல கியோட்டோவுல காமோ ஆத்து மணல்ல ஆரம்பிச்சது ஒகுனின்னு ஒரு பொம்பளை. ஆம்பளை வேசம் கட்டி, கழுத்துல சிலுவையைத் தொங்கவிட்டு ஆடுனதா பழைய படங்கள் காட்டுது. ஊரே கெட்டுப்போச்சுன்னு 1629-ல பொம்பளை மேடை ஏறவே தடை போட்டாங்க. கெட்டுப்போனதா அன்னைக்குச் சொன்னதைத்தான் இன்னைக்குக் கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூசை பண்ணுதாங்க. ஷமிசென்னு மூணு தந்தி வாத்தியம், ஜப்பான் மண்ணோட குரல்னு நீ உருகுனியே, அது சீனாவுலேர்ந்து ரியூக்யூ தீவு வழியா வந்து கரையேறுன சரக்கு. அரண்மனையில ஆயிரம் வருசத்துக்கு மேலா வழக்கத்துல இருக்குற ககாக்கு இசையை வாசிக்கிற வித்துவான்களே விருந்துன்னு வந்துட்டா வயலினைத் தூக்கி வெள்ளைக்காரன் இசையும் வாசிக்கணும். அதுவும் அவுங்க உத்தியோகத்துல சேத்திதான்.

1966-ல பீட்டில்ஸ்காரனுக நாலு பேரு புதோகான் அரங்கத்துல பாட வந்தானுக. மல்லுக்கும் வாளுக்கும் கட்டுன புனிதமான எடத்துல முடி வளத்த பயலுகளுக்கு என்ன வேலைன்னு தெருவுல நின்னு கத்துனாங்க. இப்ப எந்தப் பாடகனைக் கேட்டாலும் புதோகான்ல ஒருக்கா பாடிட்டா பிறவிப் பயன் கிடைச்சிரும்கான். என்கான்னு அழுகாச்சிப் பாட்டு, ஜப்பான் நெஞ்சோட ஆதி ராகம்னு சொல்லுதாங்களே, இன்னைக்கு இருக்குற என்கா ஒரு தனி வகைன்னு பேர் வாங்குனது 1960-கள்லதான். எனக்கு மீசை மொளைச்ச பொறவு பொறந்தது. என்னையவே பழசுன்னு யாரும் மதிக்கலை, அதுக்கு எப்பிடி இம்புட்டு மரியாதை?

போன வருசம் நீயே வீடியோவுல காட்டுனியே, நக்கானோ ஸ்டேசன் பக்கத்து போன் ஒதோரி. செத்த முன்னோரு வருசத்துக்கு ஒருக்கா வீடு வாராங்கன்னு கோடையில ஆடுற ஆட்டம். நடுவுல மரத்துல கட்டுன மேடை, உச்சியில தைக்கோ முரசு, சுத்திலும் காகித விளக்கு. பருத்தி யுக்காத்தா கட்டிக்கிட்டு கெழவிக வட்டமா வாராளுக, கையை ஒருக்கா தூக்குதாளுக, ஒருக்கா தட்டுதாளுக, முறை கொஞ்சமும் பெசகலை. ஒலிபெருக்கியில ஓடுறது என்ன? பான் ஜோவின்னு அமெரிக்கக்காரன் பாட்டு. சொர்க்கத்துலேர்ந்து எறங்கி வந்த கெழவன் காதைப் பொத்திட்டு ஓடலை, வட்டத்துல பேரன் பேத்தி நிக்காங்களான்னுதான் பாத்திருப்பான். பழைய பாட்டே ஓடி வட்டத்துல ஆள் இல்லாம இருந்திருந்தா அவன் யாரைப் பாக்க வாரதாம்?

கொபயாஷி சச்சிகோங்கற அம்மாகிட்ட நீ பாடம் படிக்கணும். என்கா பாடகி. டிசம்பர் 31 ராத்திரி, ஊரே சோபா சேமியாவை உறிஞ்சிக்கிட்டு என்எச்கே டிவியில கோஹகு பாட்டுப் போட்டி பாக்கும். பொம்பளைக சிவப்பு அணி, ஆம்பளைக வெள்ளை அணி. 1963-ல நூத்துக்கு 81 வீட்டுல பாத்தாங்க. 2023-ல பின்பாதிக்கே 32 வீடு தேறலை. அந்த மேடையில இந்த அம்மா 1979-லேர்ந்து 33 வருசம் விடாம பாடுனா. பாட்டை விட அவ உடுப்புதான் பேச்சு. ரெண்டு மாடி உசரம், ரெக்கை விரியும், வெளக்கு எரியும், உள்ளுக்குள்ள எங்கனயோ அவ தலை மட்டும் தெரியும். 2012-ல கூப்பிடலை. வேற ஒருத்தின்னா பழைய போட்டோவைத் துடைச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பா. இவ நேரா நிக்கோநிக்கோன்னு பிள்ளைக வீடியோ போடுற எடத்துக்குப் போயி கம்ப்யூட்டர் பாட்டுகளை என்கா இழுப்புல பாடிட்டா. வீடியோ கேம்ல கடைசியா வார பெரிய அரக்கின்னு அவளுக்குப் பட்டம் குடுத்தானுக, மூஞ்சியைத் தூக்காம வாங்கிக்கிட்டா. 2014-ல காமிக்ஸ் சந்தையில அறுபது வயசுல மேசை போட்டு, சொந்தமாப் போட்ட 1,500 தட்டைத் தன் கையாலயே வித்துத் தீத்தா. 2015 டிசம்பர்ல கோஹகுவே கூப்பிட்டுச்சு. 'செம்போன்சாக்குரா'ன்னு அதே கம்ப்யூட்டர் பாட்டைப் பாடிட்டு வந்தா.

அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரி ஹட்சுனே மிக்குன்னு ஒருத்தி. ஒருத்தின்னு வாய் வருது, ஆளே கிடையாது. சப்போரோ கம்பெனி ஒண்ணு 2007-ல வித்த குரல் மென்பொருள், பச்சைச் சடை போட்ட பொம்மை. வயசு 16, என்னைக்கும் 16. சம்பளம் கேக்க மாட்டா, காதல் வதந்தியில மாட்ட மாட்டா. 2016-ல நகாமுரா ஷிடோங்கற நெசமான கபுக்கி நடிகரோட அவ கபுக்கியே ஆடிட்டா. கபுக்கியில நடிகரோட பரம்பரைப் பேரைச் சொல்லிக் கொட்டகையிலேர்ந்து குரல் குடுக்கது வழக்கம். ஷிடோவுக்கு 'யொரொசுயா'ன்னு கத்துன சனம், மிக்கு வந்ததும் 'ஹட்சுனேயா'ன்னு கத்துச்சு. ஒளிவிடுற குச்சியை ஆட்டிக்கிட்டு, பரம்பரையே இல்லாதவளுக்குப் பரம்பரைப் பேரு வச்சிட்டானுக. 2023-ல அந்த ஆட்டம் டோக்கியோ கபுக்கிசா கொட்டகைக்கே வந்துருச்சு. பொம்பளை மேடையேறக் கூடாதுன்னு கபுக்கி கட்டிக் காத்த வழக்கத்தை, பொம்பளையே இல்லாத ஒரு பொம்பளை வந்து ஒடைச்சிட்டா பாத்தியா!

அழுதுதான் தீருவேன்னா, அழ வேண்டிய எடம் ஒண்ணு காட்டுதேன். 1970-ல வருசத்துக்குச் சுமார் 18,000 ஷமிசென் செஞ்ச நாட்டுல 2017-ல செஞ்சது சுமார் 3,400. ரசனை போனா திரும்பி வரும், மரத்தை எழைக்கிற கை போனா வராது. ஹச்சியோஜியில இருக்குற பெரிய ஷமிசென் பட்டறை, 2020-ல கடையைச் சாத்தப் போறோம்னுருச்சு. யாரு ஓடி வந்தா? பழசைக் காப்பாத்தணும்னு மேடையில கண்ணைத் தொடைச்ச பெரிய மனுசங்களை விட முந்திக்கிட்டு வந்தது வகாக்கி பேண்ட். ஷமிசென்னையும் கோத்தோவையும் மின்சார கிட்டாரோட கூட்டி அடிச்சு, அதே 'செம்போன்சாக்குரா'வைப் பாடிப் பேர் வாங்குன கூட்டம். ரசிகருககிட்ட உண்டியல் குலுக்கி வாத்தியம் செய்றவங்களுக்குத் துட்டு குடுத்தாங்க. கெடுத்தவன்தான் கை குடுத்தான். நீ காப்பாத்துறேன்னு பொலம்புறியே, உன் வீட்டுல ஒரு ஷமிசென் இருக்காலே?

அதுக்காக எல்லாக் கெடுதலும் நல்லதுன்னு சொல்ல வரலை. அகிமோத்தோன்னு சொன்னேன்லா, கைகுலுக்கி வித்த மகராசன். என்கா ராணி மிசோரா ஹிபாரி 1989-ல சாகுமுன்ன கடைசியா வெளியிட்ட, ஆறு ஓடுறதைப் பத்தின பாட்டை எழுதுனதும் அவர்தான். 2019-ல யமஹாவும் என்எச்கேயும் சேந்து செத்தவ குரலை எந்திரத்துல வார்த்தெடுத்தாங்க. அகிமோத்தோவே புதுப் பாட்டும் எழுதிக் குடுத்தார். செத்து முப்பது வருசம் ஆனவ அந்த வருசக் கோஹகு மேடையில உருவமா நின்னு பாடி, நடுவுல நலமும் விசாரிச்சா. கேட்டவங்கள்ல பாதிப் பேரு அழுதாங்க, பாதிப் பேருக்குக் குலை நடுங்கிருச்சு. யமாஷித்தா தட்சுரோங்கற பெரிய பாட்டுக்காரரு ரேடியோவுலயே இது செத்தவளுக்குச் செய்ற அவமரியாதைன்னுட்டார். என் கட்சியும் அதுதான். சச்சிகோ தானாப் போயி அரக்கிப் பட்டத்தை வாங்கிக்கிட்டா, வேண்டாம்னு சொல்ல அவளுக்கு வாய் இருந்துச்சு. ஹிபாரிகிட்ட யாரு கேட்டா? உயிரோட இருக்கவன் பாட்டைக் கெடுத்தா மூஞ்சிக்கு நேரா சண்டை போடலாம். செத்தவகிட்ட போயி சண்டை போடச் சொன்னா எப்பிடி?

நாலாவது புத்தி, இதைக் கூட்டாளிகிட்டக்கூடச் சொல்லாதே. அழுகிறவன் பக்கத்துல கடையைப் போடு. 1979-ல மட்சுபாரா மிக்கின்னு ஒரு பிள்ளை நடுராத்திரிக் கதவைப் பத்தி ஒரு பாட்டுப் பாடுச்சு. 2004-ல பாவம் போய்ச் சேந்துட்டா. 2020 கடைசியில எங்கெங்கயோ இருக்குற எளவட்டங்க அதைத் தோண்டி எடுத்து, ஸ்பாட்டிஃபை உலக வைரல் பட்டியல்ல உச்சியில ஏத்திருச்சு. அந்தப் பாட்டு வந்தப்ப அதுகளோட அப்பன் ஆத்தாளே சின்னப் பிள்ளைக. தான் பாக்காத டோக்கியோவுக்காக, தான் வாழாத காலத்துக்காக ஏங்கி அழுதுச்சுக. இப்ப அந்தக் காலத்துப் பழைய கறுப்புத் தட்டுக்குப் பெட்டி பெட்டியாத் துழாவுது கூட்டம். என்காக் கம்பெனிக்காரன் இன்னைக்கும் கேசட்டு போடுதான், வாங்குறதுக்குக் கெழடுக இருக்கு.

மிக்குவைப் பாத்து மூஞ்சியைச் சுளிக்கியே நீ, பத்துப் பதினைஞ்சு வருசம் போகட்டும். "எங்க காலத்துல மிக்குன்னு ஒருத்தி இருந்தா, அவ பாட்டு பாட்டு, இப்ப வாறதெல்லாம் ஒரு பாட்டா"ன்னு உன் வயசுக்காரனுக எல்லாம் வழுக்கைத் தலையோட அழுவானுக. நீயும் அழுவே, எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அழுகும்போது கல்லாவுல ஒக்காந்து அழு. வெலையைக் கொறைக்காதே, தட்டுக்குள்ள ஒரு சீட்டை மறக்காம வையி.